இரத்த அமுக்கத்தை அளந்த பழங் கருவிகள்

“120க்கு 80” என்று வைத்தியர் கூறக் கேட்டு, நாம் ஆறுதலோடு வீடு திரும்புகின்றோம். எதில் 120, எதில் 80 என்று கேட்போர் நம்மிற் சிலரே. அவை இரசத்தின் உயரங்கள். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது, கண்ணாடிக் குழாயொன்றில் இரசத்தை 120 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தக்கூடிய விசை அதற்கு உண்டு. இதயம் விரியும்போது அவ்விசை 80 மில்லிமீற்றரைத் தாங்கும் அளவுக்குத் தணிகின்றது. இதனை உடலில் ஊசிமுனைதானும் படாமல் அளக்க வழி காண்பதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகள் சென்றன.

நாடி பிடித்துப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டிலும் மேனாட்டிலும் மிகப் பழையது. தேர்ந்த விரல் நாடியின் நடையை அறியும்; ஆனால் நேற்றைய நாடியை இன்றைய நாடியோடு ஒப்பிட ஓர் எண்ணைத் தராது. அந்த எண்ணை முதலில் தேடியவர் வைத்தியரல்லர். இலண்டனுக்கு அண்மையிலுள்ள டெடிங்டன் என்னும் ஊரின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர். செடிகளில் நீர் ஏறும் விசையையும் அளந்தவரான அவர், பெண்குதிரையொன்றை மல்லாத்திக் கட்டி, அதன் தொடையிலுள்ள நாடிக்குழாயிற் பித்தளைக் குழாயைச் செருகி, 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை அதனோடு பொருத்தினார். இரத்தம் இதய மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்று, துடிப்புக்குத் துடிப்பு உயர்ந்து தாழ்ந்தது. 1733ஆம் ஆண்டில் அவர் இதனை நூலாக வெளியிட்டார். குதிரை பிழைக்கவில்லை. கேட்கவே நெஞ்சு பதைக்கும் பரிசோதனைதான். எனினும், இரத்தத்தின் விசைக்கு முதன்முதலாக ஓர் அளவு கிடைத்தது அன்றே.

ஒன்பதடிக் குழாயை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுசெல்ல முடியுமா? 1828இல் பாரிஸ் நகரில் புவாசெய் என்னும் இளைஞர் இரசத்தைத் துணைக்கு அழைத்தார். இரசம் நீரிலும் 13.6 மடங்கு பாரமானது. ஆகவே எட்டடி இரத்தத்தின் விசை ஏறத்தாழ எட்டங்குல இரசத்துள் அடங்கிவிட்டது. ஆயினும் நாடிக்குழாயைத் துளைக்கும் துன்பம் நீங்கவில்லை.

அத்துன்பம் நீங்கியது, நேரே அளப்பதை விட்டு எதிர்விசையால் அளக்கலாம் என்னும் எண்ணம் பிறந்தபோது. நாடிக்குழாயை வெளியிலிருந்து அமுக்கினால், எந்த அமுக்கத்தில் நாடி நின்றுவிடுகின்றதோ அதுவே உள்ளிருக்கும் அமுக்கம். 1881இல் வீயன்னாவைச் சேர்ந்த ஃபொன் பாஷ், நீர் நிறைந்த இறப்பர்ப் பையை மணிக்கட்டில் அழுத்திப் பார்த்தார். 1896இல் இத்தாலியின் டியூரின் நகரில் ரிவா-ரொச்சி புயத்தைச் சுற்றியே இறப்பர்ப் பட்டியைக் கட்டிக் காற்றடித்தார். அவருடைய கருவியில் துவிச்சக்கர வண்டியின் உட்குழாயும் மைக்கூடும் இடம்பெற்றன என்பது ஏழைப் பள்ளிக்கூடங்களின் ஆய்வுகூட ஆசிரியர்களை மகிழ்விக்கும் செய்தி. 1901இல் அமெரிக்க அறுவை வைத்தியர் ஹார்வி குஷிங் இத்தாலிக்குச் சென்று இதனைக் கண்டு, தம் நாட்டிலும் புழங்கச் செய்தார். ஆனால் பட்டி மிகவும் ஒடுக்கமானது. ஒடுங்கிய பட்டி அமுக்கத்தை மிகைப்படுத்திக் காட்டும். அவ்வாண்டிலேயே ஃபொன் றெக்லிங்ஹவுசன் அகன்ற பட்டியே வேண்டுமெனக் காட்டினார். பருத்த கைக்குச் சிறிய பட்டியைக் கட்டுவதால் நேரும் பிழை இன்றும் ஒழிந்தபாடில்லை. இல்லாத நோய்க்கு மருந்துண்ண நேர்வது இதனாலுமாகலாம்.

ரிவா-ரொச்சி மணிக்கட்டில் விரல் வைத்து நாடி மறைவதையே பார்த்தார்; மேல் எண் மட்டுமே கிடைத்தது. கீழ் எண்ணைத் தந்தவர் கொரொட்கொவ். ருஷிய–யப்பானியப் போரிற் காயமுற்றோரின் இரத்தக் குழாய்களை ஆராய்ந்த இவ்விளம் வைத்தியர், 1905இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ஒரு பக்கத்துக்கும் குறைவான அறிக்கையொன்றை அளித்தார். பட்டிக்குக் கீழே, முழங்கை மடிப்பில், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள் என்பதே அதன் சாரம். குழாய் முற்றாக நசுங்கியிருக்கும்போது ஒலியில்லை. காற்றை மெல்லத் திறந்துவிட, இரத்தம் இடுக்கினூடே பாய்ந்து ‘டக், டக்’ என ஒலிக்கும். அத்தொடக்கமே மேல் எண். குழாய் முழுதும் விரிந்ததும் ஒலி அடங்கும். அதுவே கீழ் எண். உடலில் யாதொரு நோவும் உணராதவரிடத்தும் மறைந்திருக்கும் மிகை அமுக்கத்தைக் கண்டறிய இவ்வெளிய முறை வழிசெய்தது. காற்றை மட்டும் விரைந்து விடலாகாது; நொடிக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றரே இறங்க வேண்டும். அவசரக்காரனுக்கு முதல் ஒலி தப்பிவிடும்.

பின்பு வந்ததே, மூடியைத் திறந்தால் இரசக் குழாய் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பழைய பெட்டி. வட்டமுகமும் வில்லும் கொண்ட கருவிகளும் உடன் வந்தன. ஆனால் வில் தளரும், முள் தவறும். இரசம் தன் பாரத்தையன்றி வேறொன்றையும் நம்பியிருக்கவில்லை. ஆகவே மற்றக் கருவிகளைச் சரிபார்க்கவும் அதுவே உரைகல்லாயிற்று. எனினும் இரசம் நஞ்சு. யப்பானின் மினமாட்டா நகர்த் துயரத்தின் பெயர் தாங்கிய உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. 2020உடன் இரச அமுக்கமானிகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த அது விதித்தது. இன்றைய மின்கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டியிலுள்ள காற்றின் அதிர்வை உணர்ந்து கணக்கிடுகின்றது. விடையை மட்டும் இரசத்தின் மில்லிமீற்றரிலேயே சொல்கின்றது.

வீட்டுப் பரணில் அத்தகைய பழம் பெட்டியை வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு சொல். அதனைச் சிறுவர் விளையாடக் கொடுத்தல் ஆகாது. குழாய் உடைந்து இரசம் சிந்தினால், சன்னல்களைத் திறந்துவிட்டு அனைவரும் அவ்வறையை விட்டு வெளியேறுக. துடைப்பத்தாற் கூட்டினால் அது நுண்துளிகளாய்ச் சிதறி ஆவியாகும். பெட்டியைக் குப்பையில் எறியாமல், எங்கு ஒப்படைப்பதென அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையில் விசாரித்துக்கொள்வது நன்று.