உங்களுக்குத் தெரியுமா? அத்தை வீட்டில் தங்கினாலும் டூரிஸ்ட்தான்!

கல்யாணப் பட்டு எடுக்க மதுரையிலிருந்து வந்து, மயிலாப்பூர் அத்தை வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தீர்களா? ஐ.நா. கணக்குப்படி நீங்கள் அக்மார்க் சுற்றுலாப் பயணி! கழுத்தில் கேமரா தொங்க வேண்டாம், தலையில் தொப்பி வேண்டாம். வழக்கமாகப் புழங்கும் இடத்தை விட்டு வெளியே ஒரே ஒரு ராத்திரி. போதும்!

சொந்தக்காரர் வீடு, கோயில், ஆஸ்பத்திரி, கடைத்தெரு, ஆபீஸ் மீட்டிங் எல்லாமே ஐ.நா. பட்டியலில் பயணக் காரணங்கள்தான்! இரண்டே நிபந்தனை. போன ஊரில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ஒரு வருஷத்தைத் தாண்டக் கூடாது!

இப்போது கேளுங்கள் வேடிக்கையை. சென்னை வாலாஜா சாலையில் விடியற்காலையில் ஏறி, ஏழுமலையானைச் சேவித்துவிட்டு அன்று ராத்திரியே வீடு திரும்பிய சென்னைவாசிகள் இருந்தார்களே, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக பஸ்ஸில்! அவர்களில் ஒருவர்கூட 'டூரிஸ்ட்' இல்லை! ராத்திரி தங்கினால்தானே? 'ஒரு நாள் வருகையாளர்' என்று அவர்களுக்குத் தனிக் கணக்கு. சுற்றுலாக் கழகம் 1971லிருந்து இருந்து என்ன பயன்!

திருப்பதி வரை போக முடியவில்லையா? தி.நகர் ஜி.என். செட்டி சாலையிலேயே பத்மாவதி தாயாருக்குத் திருப்பதி தேவஸ்தானம் கோயில் கட்டிவிட்டது, 2023ல்! நிலம் கொடுத்தது யார் தெரியுமா? பழைய கதாநாயகி காஞ்சனா!

2019ல் இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1.09 கோடி. ஆனால் எல்லா மாநிலமும் காட்டிய கணக்கைக் கூட்டினால் 3.14 கோடி! ஒரே ஆள் சென்னை, கொச்சி, ஜெய்ப்பூர் என்று சுற்றினால் மூன்று மாநிலமும் 'எங்கள் விருந்தாளி' என்று எழுதிக்கொள்ளும்! அந்தக் கணக்கில் முதலிடம் யாருக்கு? கோவாவுக்கும் இல்லை, ராஜஸ்தானுக்கும் இல்லை. 68 லட்சத்துக்கு மேல் காட்டிய தமிழ்நாட்டுக்கு!

இதைவிடப் பெரிய வெடி ஒன்று வைத்திருக்கிறேன். கொரோனா காலமான 2021-22ல் டிக்கெட் வாங்கித் தாஜ்மஹாலுக்குள் போன வெளிநாட்டவர் 38,922 பேர். நம் மாமல்லபுரத்துக்கு? 1,44,984!

சென்னையின் டிசம்பர் இசை சீசனுக்கு அமெரிக்காவிலிருந்து மாமாவும் மருமகனும் ஒரே விமானத்தில் வருகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை விடாத மாமா, வெளிநாடுவாழ் இந்தியர். அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கிய மருமகன், அசல் வெளிநாட்டுப் பயணி! சபா கேண்டீனில் இரண்டு பேரும் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து கீரை வடைக்குக் கை நீட்டினாலும் சர்க்கார் ஏட்டில் வேறு வேறு கட்டம்! மாமாக்கள் சாதாரண ஆள்கள் இல்லை: 2019ல் நாட்டுக்குள் வந்து இறங்கியவர்கள் கிட்டத்தட்ட 70 லட்சம்!

அந்த சீசனே ஓர் அரசியல் மாநாடு போட்ட விதை! 1927ல் சென்னையில் காங்கிரஸ் கூடியது. கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து மறு வருஷமே பிறந்தது மியூசிக் அகாடமி. 2017ல் யுனெஸ்கோ சென்னையை இசை நகரமாகவே அறிவித்துவிட்டது!

கிரீம்ஸ் ரோடு பக்கம் நடந்து பாருங்கள். லாட்ஜ் வாசலில் வங்காள எழுத்து! மெஸ்ஸில் மீன் குழம்பும் சோறும் வங்காளப் பக்குவத்தில்! கையில் எக்ஸ்ரே கவர், காலில் ரப்பர் செருப்பு, வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வந்த குடும்பம். பார்த்தால் டூரிஸ்ட் மாதிரியா இருக்கிறது? ஆனால் ஊருக்கு நிஜமான சுற்றுலாப் பணம் இவர்களிடமிருந்துதான் வருகிறது என்பேன். லாட்ஜ், ஆட்டோ, மருந்துக்கடை, மெஸ், போகும்போது தி.நகரில் ஒரு சேலை! மருத்துவ விசாவில் ஒரு நோயாளி வந்தால், துணைக்கு இரண்டு பேர் வரை விசா உண்டு. ஒரு சீட்டுக்கு மூன்று சாப்பாடு!

வெளிநாட்டுக்காரர் ஒருவர் உங்கள் லாட்ஜில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் படிவம் அனுப்பியாக வேண்டும். லாட்ஜ்தான் என்றில்லை, வீட்டில் தங்க வைத்தாலும்!

ஓட்டல் அறை வாடகை ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதிகபட்சம் 375 ரூபாய். அதே அறை 7,501 ரூபாய் என்றால் 18 சதவீதம், 1,350 ரூபாய்! ஒரு ரூபாய் கூட்டினால் வரி 975 ரூபாய் எகிறும்! 2025 செப்டம்பர் 22லிருந்து இதுதான் நிலவரம்.

'சும்மா சில மாதம் போய்விட்டு வரலாம்' என்று கிளம்பி கிட்டத்தட்ட ஏழு வருஷம் மாட்டிக்கொண்ட பயணியைத் தெரியுமா? 1939ல் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார் இத்தாலியரான மரியா மாண்டிசோரி. மறு வருஷம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. விருந்தாளி 'எதிரி நாட்டுக்காரர்' ஆகிவிட்டார்! மகன் மரியோ காவலில். அம்மாவின் 70வது பிறந்தநாளுக்கு வைஸ்ராய் தந்த பரிசு என்ன தெரியுமா? மகனின் விடுதலை! ஊர் திரும்பியது 1946ல். அதற்குள் அடையாறிலும் கொடைக்கானலிலும் வகுப்பு எடுத்தே தீர்த்தார்!

அதே தியசாபிகல் சொசைட்டி தோட்டத்து ஆலமரத்தைப் பார்க்கப் போகிறீர்களா? தாய் மரம் 1989 புயலிலேயே சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பதெல்லாம் விழுதுகள்!

இயேசுவின் அப்போஸ்தலர் கல்லறைமேல் எழுந்த பெரிய ஆலயம் உலகத்தில் மூன்றுதான் என்பார்கள். ஒன்று ரோமில். ஒன்று ஸ்பெயினில். மூன்றாவது? பஸ் பிடித்தால் போதும், நம் சென்னை சாந்தோம்! போப் இரண்டாம் ஜான் பாலே 1986ல் வந்து வணங்கிவிட்டுப் போயிருக்கிறார்!

தி.நகரில் நீங்கள் பட்டு எடுக்கும் தரை, நூறு வருஷத்துக்கு முன் ஏரி! இன்று மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 570 மீட்டர், ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் கால் வைக்காமலே ஆகாய நடைபாதையில் நடந்துவிடலாம். 2023 மே மாதம் திறந்தது. ஆனாலும் கூட்டம் கீழேதான்!

2004ல் சிலர் சேர்ந்து தொடங்கிய 'மெட்ராஸ் டே' ஆகஸ்ட் 22ஐ ஒட்டி வருகிறது. அந்த வாரம் ஊரெல்லாம் பாரம்பரிய நடை. நீங்கள் சென்னைவாசி என்றால் அதில் நடந்தாலும் எந்தச் சுற்றுலாக் கணக்கிலும் ஏற மாட்டீர்கள். பரவாயில்லை, தண்ணீர் பாட்டிலோடு காலை ஆறு மணிக்கே போய் நில்லுங்கள்!