கம்ப்யூட்டர் கைமாறியது, சாப்ட்வேர் கைமாறியதா?

பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் என்ன கேட்கிறார்கள்? ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, மானிட்டரில் கோடு விழுகிறதா என்று கேட்கிறார்கள். கடைசியாக, "எல்லா சாப்ட்வேரும் போட்டுத் தருவீங்கல்ல?" என்று ஒரு கேள்வி. "அதெல்லாம் உள்ளேயே இருக்குங்க" என்று பதில் வரும். இரு தரப்பும் திருப்தியாகப் பிரிந்து விடுவார்கள். உள்ளே இருக்கும் அந்த சாப்ட்வேரைப் பயன்படுத்த நமக்கு உரிமை இருக்கிறதா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் திருவண்ணாமலையையே எடுத்துக் கொள்ளுங்கள். பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம், அன்னதானம், கல்யாணம், காதுகுத்து என்று வருடம் முழுக்க நோட்டீசுக்கும் அழைப்பிதழுக்கும் குறைவில்லை. இந்த வேலையைச் செய்யும் சிறிய டி.டி.பி. கடைகளில் விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கம்ப்யூட்டர்கள் இன்னும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. காரணம் எளிது. பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் சொன்னபடி கேட்கும். ஒரு கடை மூடினால் அந்தக் கம்ப்யூட்டரை இன்னொருவர் வாங்கிக் கொள்வார். அவர் கொடுத்த பணத்திற்குப் பெட்டி அவருடையதாகி விட்டது. ஆனால் பேஜ்மேக்கர்? எழுத்துருக்கள்? விண்டோஸ்? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1984இல் செய்த திருத்தத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதாவது சட்டத்தின் பார்வையில் ஒரு நாவலும் எம்.எஸ். டாஸும் ஒரே இனம்.

பழைய புத்தகக் கடையில் ஒரு நாவல் வாங்குகிறீர்கள். அதைப் படிக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், திரும்ப விற்கலாம். ஆனால் நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்து விற்க முடியாது. காகிதம் உங்களுடையது, எழுத்தின் உரிமை உங்களுடையது அல்ல. சாப்ட்வேரிலும் அடிப்படை இதுதான். சிடியில் அடைத்து விற்கப்படும் சாப்ட்வேர் ஒரு சரக்கு என்று 2004இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சாப்ட்வேரின் ஒரு பிரதியை வாங்குவது வேறு, அதன் பதிப்புரிமையை வாங்குவது வேறு என்பதை 2021 மார்ச் 2 அன்று வந்த இன்னொரு தீர்ப்பில் அதே நீதிமன்றம் விரிவாக விளக்கியது. இரண்டுமே வரி சம்பந்தப்பட்ட வழக்குகள். ஆனாலும் நமக்குத் தேவையான பாடம் அவற்றில் இருக்கிறது.

புத்தகத்திற்கும் சாப்ட்வேருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புத்தகத்தைப் படிக்க அதை நகல் எடுக்கத் தேவையில்லை. சாப்ட்வேரை ஹார்ட் டிஸ்கில் பதிப்பதே நகல் எடுப்பதுதான். அதனால்தான் அதனுடன் லைசென்ஸ் ஒப்பந்தம் ஒன்று வருகிறது. இன்ஸ்டால் செய்யும்போது நாம் படிக்காமலே 'சம்மதம்' என்று கிளிக் செய்கிறோமே, அதுதான்.

இந்த ஒப்பந்தம் கைமாற்றத்தை எந்த அளவுக்குத் தடுக்கலாம் என்பதில் உலகமே ஒத்துப் போகவில்லை. அமெரிக்காவில் ஒருவர் ஆட்டோகேடின் பழைய பதிப்புகளை வாங்கி இணைய ஏலத்தில் விற்றார். அது விற்பனை அல்ல, வெறும் லைசென்ஸ்தான், எனவே மறுவிற்பனை செய்யும் உரிமை அவருக்கு இல்லை என்று 2010இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி விட்டது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2012இல், காலவரையற்ற லைசென்சை வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம், ஆனால் தன்னிடமுள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்த நிபந்தனையை நீங்களும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். விற்றவர் ஒரு நகலை வைத்துக் கொண்டு உங்களுக்கு ஒரு நகல் கொடுத்தால் அது கைமாற்றம் அல்ல. ஒன்று இரண்டாகி விட்டது, அவ்வளவுதான்.

விண்டோஸ் யாருக்குச் சொந்தம்?

புதுக் கம்ப்யூட்டருடன் சேர்ந்து வரும் விண்டோஸை ஓ.இ.எம். லைசென்ஸ் என்பார்கள். விலை குறைவு. ஆனால் அது அந்தக் கம்ப்யூட்டரோடு பிறந்து அதோடு முடிவது. எக்ஸ்பியின் ஓ.இ.எம். ஒப்பந்தத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. கம்ப்யூட்டரை விற்கும்போது அதன் பகுதியாக விண்டோஸையும் கொடுக்கலாம். ஆனால் சிடி, புத்தகம், உண்மைச் சான்று ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விற்பவர் பிரதி எதையும் வைத்துக் கொள்ளக் கூடாது.

கேபினட்டின் பக்கத்திலோ லேப்டாப்பின் அடியிலோ ஒட்டியிருக்கும், 25 எழுத்துக்கள் கொண்ட ஸ்டிக்கர் இருக்கிறதே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பழைய பெட்டியைப் பளபளப்பாக்குகிறேன் என்று கடைக்காரர் அதைச் சுரண்டி எடுத்திருந்தால் உங்கள் முக்கியமான ஆதாரம் போய் விட்டது. விண்டோஸ் 8 காலம் முதல் பிரபல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் இந்த எண் மதர்போர்டுக்குள்ளேயே பதிந்து வருகிறது.

தனியாகப் பெட்டியில் வாங்கிய ரீட்டெயில் விண்டோஸ் வேறு ரகம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கி விட்டுப் புதியதில் போடலாம். மூன்றாவது ரகம் வால்யூம் லைசென்ஸ். பெரிய அலுவலகங்கள் நூறு, இருநூறு கம்ப்யூட்டருக்கு மொத்தமாக வாங்குவது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 'கம்பெனி லேப்டாப்'களில் எம்.எஸ். ஆபீஸ் இருந்தால் அது பெரும்பாலும் இப்படி வந்ததாக இருக்கலாம். அந்த லைசென்ஸ் அலுவலகத்திற்குத் தரப்பட்டது. ஒரு லேப்டாப்பை விற்றதால் அது உங்களிடம் வந்து விடாது.

பழையது என்றால் இலவசமா?

"அந்த சாப்ட்வேரைக் கம்பெனியே கைவிட்டு விட்டது, இப்போது யார் கேட்கப் போகிறார்கள்?" என்பார்கள். பேஜ்மேக்கரைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர் 1994இல் அடோபியிடம் சென்றது. 2001இல் வந்த 7.0தான் கடைசிப் பதிப்பு. இன்று அடோபி அதை விற்கவில்லை. ஆனால் விற்பனை நின்றதால் பதிப்புரிமை நின்று விடாது. ஒரு எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டுகளுக்கு அவர் படைப்பைப் பாதுகாக்கும் சட்டம் இது. அதன் கணக்கில் பேஜ்மேக்கர் இன்னும் குழந்தை!

எனவே பழைய கடைக்காரரிடம் பேஜ்மேக்கரின் ஒரிஜினல் சிடியும் சீரியல் எண்ணும் பில்லும் இருந்தால் அவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் கைமாற்ற அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்துரு தொகுப்புகளில் சிலவற்றிற்கு டாங்கிள் எனப்படும் பூட்டு உண்டு. கம்ப்யூட்டரின் பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் செருகியிருப்பார்கள். பெட்டியை மட்டும் தூக்கி வந்து விட்டு டாங்கிளை விட்டு வந்தால், எழுத்துரு திறக்காது. பூட்டை உடைத்துத் தரும் ஆட்களைத் தேடாதீர்கள். பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய பூட்டை உடைப்பதும் 2012 திருத்தத்திற்குப் பிறகு தனிக் குற்றம்.

இன்னும் பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிப்பவர்களும் உண்டு. 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. அதில் பேசிக் மொழியும் இயக்க மென்பொருளும் ராம் சிப்பில் அல்ல, அழியாத ரோம் சிப்பில் இருக்கும். கம்ப்யூட்டரை வாங்கினால் அந்தச் சிப்பும் சேர்ந்தே வரும். அதில் பிரச்சினை இல்லை. சிப்பில் உள்ளதை ஃபைலாக மாற்றி ஊருக்கெல்லாம் கொடுத்தால்தான் பிரச்சினை.

பேக்கப் எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். இது பலருக்குத் தெரியாத உரிமை. சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு புரோகிராமின் பிரதியைச் சட்டப்படி கைவசம் வைத்திருப்பவர், அது தொலைந்தோ கெட்டோ போனால் உதவுவதற்காகப் பேக்கப் நகல் எடுத்துக் கொள்ள அனுமதிக்கிறது. 'வாங்கியவர்' என்று சொல்லாமல் 'சட்டப்படி வைத்திருப்பவர்' என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். செகண்ட் ஹேண்டில் முறையாகப் பெற்றவருக்கும் அது பொருந்தும். பழைய ஃபிளாப்பிகளில் பூஞ்சை பிடிக்கும், சிடிக்கள் உரியும். எனவே வாங்கிய அன்றே நகல் எடுத்து வையுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது அந்த நகலையும் கொடுத்து விடுங்கள், அல்லது அழித்து விடுங்கள்.

மாட்டினால் என்ன ஆகும்?

திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்திற்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாம், 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கலாம். வீட்டில் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிடைக்கலாம். டி.டி.பி. கடைக்குக் கிடைக்காது, ஏனென்றால் அது தொழில். திருட்டு நகல்களைச் சப் இன்ஸ்பெக்டர் நிலை அதிகாரி வாரண்ட் இல்லாமலே கைப்பற்றவும் 64ஆம் பிரிவு இடமளிக்கிறது. தீபத்திற்கு முந்தின வாரம் இப்படி நடந்தால் கடையின் கதி என்னவென்று யோசியுங்கள்.

விற்பவருக்கும் ஆபத்து உண்டு. கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கில் திருட்டு விண்டோஸை ஏற்றி விற்ற ஒருவர் மீது மைக்ரோசாஃப்ட் தொடர்ந்த வழக்கில், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் 19.75 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

நல்ல செய்தி என்னவென்றால், பழைய கம்ப்யூட்டருக்கு முறையான, இலவசமான வழிகள் இன்று நிறைய இருக்கின்றன.

டாஸ் காலத்துக் கம்ப்யூட்டரா? ஜிம் ஹால் 1994இல் தொடங்கிய ஃப்ரீடாஸ் இருக்கிறது. பழைய டாஸ் புரோகிராம்களில் பெரும்பாலானவை அதில் ஓடும். அசலே வேண்டுமென்றால், எம்.எஸ். டாஸ் 1.25, 2.0 பதிப்புகளின் மூல நிரலை 2018இலும், ஜி.டபிள்யூ. பேசிக்கை 2020இலும், எம்.எஸ். டாஸ் 4.0ஐ 2024இலும் எம்.ஐ.டி. லைசென்சின் கீழ் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. கவனியுங்கள், இவை தாமாக இலவசம் ஆகவில்லை. உரிமையாளர் கொடுத்ததால் ஆனவை. விண்டோஸ் 98க்கோ எக்ஸ்பிக்கோ அப்படிக் கொடுக்கவில்லை.

பென்டியம் 4 போன்ற 32 பிட் கம்ப்யூட்டரா? ஆன்டிஎக்ஸ் போன்ற எடை குறைந்த லினக்ஸைப் போடலாம். எக்ஸ்பிதான் வேண்டும் என்றால் இன்டர்நெட் இணைப்பைக் கழற்றி விடுங்கள். அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்து விட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. எனவே விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டர்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால், லினக்ஸ் போட்டுப் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

பேஜ்மேக்கருக்குப் பதிலாக ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2024இல் வந்த 1.6 பதிப்பு யூனிகோடு தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டும். பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்க லிப்ரே ஆபீஸ் 4.4 பதிப்பு முதலே வசதி உண்டு. ஆனால் பழைய எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ளுங்கள். எழுத்துருவுக்குக் கவலை வேண்டாம். 2005 ஏப்ரலிலேயே மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் இலவச சிடியாக வெளியிட்டது. இன்று லோஹித், நோட்டோ போன்றவை திறந்த லைசென்சில் கிடைக்கின்றன. கடையில் பயன்படுத்தவும் தடையில்லை.

வாங்கும் முன் கேளுங்கள்

1. விண்டோஸ் ஸ்டிக்கர் இருக்கிறதா? அதிலுள்ள பதிப்பும் கம்ப்யூட்டரில் ஓடும் பதிப்பும் ஒன்றா?

2. ஒரிஜினல் சிடி, ஃபிளாப்பி, புத்தகம், டாங்கிள் எவை உண்டு? எல்லாவற்றையும் வாங்குங்கள்.

3. பில்லில் கம்ப்யூட்டருடன் சாப்ட்வேரின் பெயரையும் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். முன்பு வைத்திருந்தவர் தன்னிடம் வேறு நகல் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

4. இவை எதுவும் இல்லாத சாப்ட்வேரை நீக்கச் சொல்லுங்கள். காலி ஹார்ட் டிஸ்க் என்றால் விலையையும் குறைத்துப் பேசலாம்!

கம்ப்யூட்டருக்கு எத்தனை வயதானாலும் பரவாயில்லை. அதில் ஓடும் ஒவ்வொரு சாப்ட்வேரும் உங்களிடம் எப்படி வந்தது என்று உங்களால் சொல்ல முடிந்தால், கடையோ வீடோ, நீங்கள் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.