கூடைப்பந்து ஜோஸ்யம்

மார்ச் மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் ஜனங்கள் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். கலாசாலைகளின் கூடைப்பந்துப் போட்டியில் யார் யாரோடு மோதப் போகிறார்கள் என்ற அட்டவணை அன்றுதான் வெளியாகிறது. மறுநாள் ஆபீஸில் மானேஜர் முதல் கடைநிலைச் சிப்பந்தி வரை ஆளுக்கொரு அட்டவணையை வைத்துக்கொண்டு, எந்தக் கோஷ்டி ஜெயிக்கும், எது கவிழும் என்று கடைசி ஆட்டம் வரைக்கும் ஜோஸ்யம் எழுதி நிரப்புகிறார்கள். பந்தையே தொட்டறியாத பாட்டிமார்களும் இதில் சேர்த்தி. பரிசு அந்தப் பாட்டிக்கே போய்ச் சேருவதும் உண்டு!

1939-ல் எட்டே கோஷ்டிகளோடு ஆரம்பித்த போட்டி இது. 1985-ல் அது 64 ஆயிற்று, 2011-லிருந்து 68. முன்னோட்டமாக நாலு ஆட்டம் நடத்தி 64-ஆகக் குறைத்து, அவற்றை நாலு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் பலத்தை உத்தேசித்து 1 முதல் 16 வரை எண் கொடுக்கிறார்கள். முதல் சுற்றில் 1-ம் எண்ணுக்கு எதிரி 16-ம் எண், 2-க்கு எதிரி 15, இப்படியே போகும். இதில் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு முறை தோற்றால் அன்றிரவே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மொத்தம் 63 ஆட்டங்கள். இவற்றின் முடிவுகள் எத்தனை விதமாக அமையலாம் என்று கணக்குப் போட்டால் 92,000 கோடி கோடிக்கு மேல் வருகிறது! அதனால்தான் 2014-ல் கோடீஸ்வரர் வாரன் பஃபெட், ஒரு பிழையும் இல்லாமல் நிரப்புகிறவருக்கு 100 கோடி டாலர் என்று நிம்மதியாக உத்தரவாதம் கொடுத்தார். ஒரு சல்லிக்காசுகூட அவர் கையைவிட்டுப் போகவில்லை. 2019-ல் ஓஹையோ மாநிலத்துக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொல்லி ஊரையே மூக்கில் விரல் வைக்கச் செய்தார். ஐம்பதாவது ஆட்டம் அவரையும் கவிழ்த்துவிட்டது. ஜனாதிபதி ஒபாமா பதவியிலிருந்த எட்டு வருஷமும் டெலிவிஷனில் தோன்றி அட்டவணை நிரப்பினார். முதல் வருஷம், 2009-ல், வடக்கு கரோலினா வெல்லும் என்றார்; வென்றது. பிறகு ஏழு வருஷமும் அவர் வாழ்த்திய கோஷ்டி எதற்கும் கோப்பை கிடைக்கவில்லை. வெள்ளை மாளிகையில் ஆலோசகர்களுக்கா பஞ்சம்?

கோப்பையை வெல்லப் போவது யார் என்று ஊகிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. 1985-க்குப் பிறகு பாதிக்கும் மேலான வருஷங்களில் 1-ம் எண் கோஷ்டிகளில் ஒன்றுதான் ஜெயித்திருக்கிறது. புள்ளி எடுப்பதிலும் சமர்த்து, எதிரியைத் தடுப்பதிலும் சமர்த்து என்று இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும் இருக்கிற கோஷ்டி நாலு ஆட்டம் தாண்டலாம். ஆறு ஆட்டம் தாண்டுவது அபூர்வம். 8-க்குக் கீழான எண் எதுவும் 2025 வரை கோப்பையைத் தொட்டதில்லை. அந்த 8-ம் எண்ணும் ஒரே தடவைதான்: 1985-ல் வில்லனோவா. ஜார்ஜ்டவுனோடு ஆடிய இறுதி ஆட்டத்தில் கூடையை நோக்கி 28 முறை எறிந்து 22 முறை போட்டார்கள். அப்படி எறிந்தும் ஜெயித்தது 66-64 என்று இரண்டே புள்ளியில்!

ஸ்வாரஸ்யம் எல்லாம் 'ஸ்லீப்பர்' விஷயத்தில்தான் இருக்கிறது. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கட்டையைச் சொல்லவில்லை. யாரும் லட்சியம் செய்யாமல் ஒரு மூலையில் தூங்குவதுபோல் கிடந்து, திடீரென்று எழுந்து பெரிய மனிதர்களை உருட்டிவிடுகிற சின்னக் கோஷ்டிக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் அது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று நாம் சொல்வதில்லையா?

எந்தச் சாது மிரளும் என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. தூரத்திலிருந்து எறிந்து ஒரே வீச்சில் மூன்று புள்ளி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் மூன்று நாலு வருஷம் சேர்ந்து ஆடிப் பழகியவர்களாக இருக்க வேண்டும். பெரிய கலாசாலைகளில் கெட்டிக்காரப் பையன்கள் ஒரே வருஷம் ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் பறந்துவிடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பிரமாதப் பையனைவிட, இருபத்திரண்டு வயதுச் சுமார் பையன் கடைசி நிமிஷத்தில் கை நடுங்காமல் நிற்பான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நிதானம். நாணயத்தை நூறு தடவை சுண்டினால் பூவும் தலையும் ஏறக்குறையச் சமமாக விழும். பத்துத் தடவை சுண்டினால் எட்டுத் தடவை பூவே விழலாம். ஆட்டமும் அப்படித்தான். பந்து எத்தனைக்கெத்தனை அதிகமாகக் கைமாறுகிறதோ, அத்தனைக்கத்தனை பலசாலியின் பலம் வெளிப்படும். ஆகவே பலவீனன் பந்தை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் ஆட வேண்டும். 1996-ல் பிரின்ஸ்டன் அதைத்தான் செய்தது. முந்திய வருஷம் கோப்பை வாங்கிய யு.சி.எல்.ஏ.வைப் பொறுமையாகவே சோதித்து 43-41 என்று அனுப்பிவைத்தது. இரண்டு கோஷ்டியும் சேர்ந்து எடுத்ததே 84 புள்ளிதான்!

இதே கத்தி பெரியவர்கள் கழுத்துக்கும் வரும். 2018 மார்ச் 16 வரை ஆண்கள் போட்டியில் 16-ம் எண் 1-ம் எண்ணோடு 135 முறை மோதி, 135 முறையும் தோற்றிருந்தது. அன்று வர்ஜீனியா கோஷ்டியின் எதிரி மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கௌண்டிக் கிளை. சதுரங்கத்துக்குப் பெயர்போன கலாசாலை அது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் வேறொரு கோஷ்டியிடம் 44 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கியிருந்தது. வர்ஜீனியாவோ தடுப்பாட்டத்தில் தேசத்திலேயே முதல். ஆட்டத்துக்குச் சராசரி 54 புள்ளிகூட எதிரிக்குக் கொடுத்ததில்லை.

பாதி ஆட்டத்தில் 21-21. வர்ஜீனியாவும் மெதுவாக ஆடுகிற கோஷ்டி. அதனால் பெரிய இடத்துக்கு உரிய அனுகூலம் அதற்குக் கிடைக்கவில்லை; பின்தங்கினால் ஓடிப் பிடிக்கவும் பழக்கமில்லை. பிற்பாதியில் மட்டும் சதுரங்கக் கலாசாலை 53 புள்ளி குவித்தது. முடிவு 74-54. ஜெய்ரஸ் லைல்ஸ் ஒருவரே 28. போட்டிக்குச் சில நாள் முன்பு வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு உடைந்து ஒதுங்கியிருந்தார் என்பதைப் பலர் அட்டவணை நிரப்பும்போது கவனிக்கவே இல்லை.

சரித்திரத்திலேயே முதல் தடவை என்று பத்திரிகைகள் கூத்தாடின. ஆண்களுக்குத்தான் முதல் தடவை! பெண்கள் போட்டியில் இருபது வருஷத்துக்கு முன்பே, 1998-ல், 16-ம் எண்ணான ஹார்வர்ட் 1-ம் எண்ணான ஸ்டான்ஃபோர்டை 71-67 என்று ஜெயித்துவிட்டது. அங்கேயும் ஸ்டான்ஃபோர்டின் முக்கியமான இரண்டு பெண்கள் காயத்தால் ஆடவில்லை. ஜோஸ்யம் எழுதுகிறவர்கள் ஜாதகத்தைவிட ஆஸ்பத்திரிச் செய்தியை முதலில் படிப்பது நல்லது.

அவமானப்பட்ட வர்ஜீனியா மறு வருஷமே, 2019-ல், கோப்பையை வாங்கியது. அரை இறுதியில் ஒரு விநாடிகூட மீதமில்லாத நேரத்தில் கைல் கை என்ற பையன் மூன்று தனி வீச்சுகளையும் போட்டு 63-62 என்று காப்பாற்றினான்.

2022-ல் ஜெர்ஸி சிட்டியிலிருந்து வந்த 15-ம் எண், செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கலாசாலை, கென்டக்கியை 85-79 என்று சாய்த்தது. அதோடு நிற்காமல் பர்டியூவையும் சாய்த்துக் கடைசி எட்டுக்குள் நுழைந்தது. 15-ம் எண் அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் தடவை. பிறகு நடந்ததுதான் மனசை உறுத்துகிறது. சில நாட்களில் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே பெரிய இடமான சீட்டன் ஹாலுக்குப் போனார். ஆட்டக்காரர்கள் பலரும் ஆளுக்கொரு கலாசாலைக்குக் கலைந்தார்கள். முன்னெல்லாம் கலாசாலை மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் அது தளர்ந்தது. அதே வருஷம் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. 2025 ஜூலையிலிருந்து கலாசாலைகளே நேராகப் பணம் கொடுக்கலாம்.

பையன்களுக்கு இது நியாயமே. அவர்கள் வியர்வையில் அத்தனை வருஷமாக மற்றவர்கள் அல்லவா பணம் பண்ணினார்கள்! ஆனால் நாலு வருஷம் சேர்ந்திருந்து பழகும் சின்னக் கோஷ்டி இனி எங்கே கிடைக்கும்? ஒருவன் பிரமாதமாக ஆடினால் மறு வருஷம் பணக்காரக் கலாசாலை அவனை அழைத்துக்கொள்ளும். 2025-ல் கடைசி பதினாறில் மிஞ்சியவர்கள் எல்லாரும் நாலே நாலு பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்தவர்கள். கடைசி நாலும் 1-ம் எண்களே. இதற்கு முன் 2008-ல் மட்டும் அப்படி நடந்தது. ஃப்ளாரிடா கோப்பையை எடுத்துக்கொண்டது.

ஆனாலும் என் கையில் ஒரு அட்டவணையைக் கொடுத்தால் 12-ம் எண்களில் ஒன்றையாவது குறிக்காமல் விடமாட்டேன். 1985-லிருந்து சுமார் மூன்றில் ஒரு தடவை 12, 5-ஐக் கவிழ்த்திருக்கிறது. அந்த 5-ம் எண் 2025 வரை ஒரு முறைகூடக் கோப்பை வாங்கியதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.