ஆசிரியை மேடையேறிய கதை: ஸொஹ்ரா சேகல்

தமிழ்மொழித் தினப் போட்டிகள் நெருங்கினால் எமது பாடசாலைகளுக்குத் தனியொரு களை வந்துவிடும். பேச்சு, பாவோதல், நாடகம் என்று மாணவிகள் மாலை வரை பயிற்சியில் நிற்பார்கள். பாப்பாமோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளையும் மன்னார் நகரத்துப் பிள்ளையும் ஒரே மேடையில் ஏறுவார்கள். ஆனால் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அந்தக் குரல்களிற் பல அடங்கிப் போகின்றன. "படிப்பு வேறு, மேடை வேறு. மேடையால் என்ன பயன்?" என்று வீட்டிலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். படிப்பையும் மேடையையும் பிரிக்காமலே நூறு வயதைக் கடந்து வாழ்ந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் வரலாறு இக்கேள்விக்கு ஓரளவு விடை தரும்.

ஸாஹிப்ஸாதி ஸொஹ்ரா பேகம் 1912 ஏப்ரல் 27ஆம் திகதி வட இந்தியாவின் சஹாரன்பூரில் பிறந்தார். ராம்பூர் பத்தான் குடும்பம். ஏழு பிள்ளைகளில் மூன்றாமவர். உம்மா இளவயதிலேயே மறைந்துவிட்டார். ஆனால் பெண்பிள்ளைகள் லாஹூரிலுள்ள குயீன் மேரி கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது. அவ்விருப்பம் நிறைவேற்றப்பட்டது. பர்தா ஒழுங்கு கண்டிப்பாகப் பேணப்பட்ட கல்லூரி அது. ஸொஹ்ராவின் பயணம் அங்கிருந்துதான் தொடங்கியது.

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் மாமாவொருவர் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். வழியின் பெரும்பகுதியை மோட்டார் காரிலேயே கடந்தனர். ஈரான், பலஸ்தீன், எகிப்து என நாடு நாடாகச் சென்று, பின்னர் கப்பலேறினர். ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மன் நடத்திய நவீன நடனப் பள்ளியில் ஸொஹ்ரா மூன்று ஆண்டுகள் பயின்றார். 1935இல் உதய் சங்கரின் கலைக்குழுவில் இணைந்து பல நாடுகளுக்கும் சென்று வந்தார்.

1940இல் அவர் ஆசிரியையானார். இமயமலை அடிவாரத்து அல்மோராவில் உதய் சங்கர் அமைத்த கலை நிலையத்தில் கற்பித்தார். பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் பெயர்பெற்ற குரு தத் அக்காலத்தில் அங்கு மாணவராக இருந்தார். அந்நிலையம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. அதனால் ஸொஹ்ராவும் கணவர் காமேஷ்வரும் லாஹூருக்குச் சென்று தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினர். நாடு பிரியப்போகும் பதற்றம் அந்நகரைச் சூழ்ந்தபோது அதையும் விட்டு பம்பாய்க்குப் புறப்பட வேண்டியதாயிற்று.

அங்கே 1945இல், தமது 33ஆவது வயதில், பிரித்விராஜ் கபூரின் பிரித்வி தியேட்டர்ஸில் நடிகையாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 400 ரூபா. தங்கை உஸ்ராவும் அதே குழுவில் முன்னணி நடிகை. நாட்டுப் பிரிவினையின் கேட்டை எடுத்துக்காட்டிய 'தீவார்', இந்து முஸ்லிம் நட்பைச் சொன்ன 'பட்டான்' முதலியவை அக்குழு மேடையேற்றிய நாடகங்கள். நாடகம் முடிந்ததும் பிரித்விராஜ் வாசலில் துணிப்பையை ஏந்தி நின்று பொதுக்காரியங்களுக்கு நிதி சேர்ப்பார். அக்குழுவோடு ஸொஹ்ரா ஊர் ஊராக 14 ஆண்டுகள் பயணம் செய்தார்.

1959இல் கணவர் காலமானார். இரண்டு பிள்ளைகள். ஸொஹ்ரா டில்லிக்குச் சென்று அங்குள்ள நாட்டிய அக்கடமியின் பணிப்பாளரானார். 1962இல், ஐம்பது வயதில், நாடகம் படிப்பதற்கான புலமைப்பரிசில் பெற்று இலண்டன் சென்றார். அங்கு வேடங்கள் எளிதிற் கிடைக்கவில்லை. நாடக அரங்கொன்றில் நடிகர்களுக்கு உடை அணிவிக்கும் வேலையைச் செய்தார். நடனப் பள்ளியில் கற்பித்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின், 1984இல், 'த ஜுவல் இன் த கிரவுன்' என்ற தொலைக்காட்சித் தொடர் அவரைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. மேடை இல்லாத காலங்களில் கற்பித்தலே அவரைத் தாங்கியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அவர் வாழ்வில் நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சி 1993இல் நடந்தது. தங்கை உஸ்ரா 1964இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்திருந்தார். ஒருத்தி இந்தியாவில், மற்றவள் பாகிஸ்தானில். லாஹூரின் அஜோகா நாடகக் குழு இச்சகோதரிகளின் வாழ்வையே தழுவி 'ஏக் தீ நானி' என்ற நாடகத்தை உருவாக்கியது. 81 வயது அக்காவும் 76 வயதுத் தங்கையும் பல பத்தாண்டுகளுக்குப் பின் ஒரே மேடையில் நின்றனர். 1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, பாதி உறவுகள் புத்தளத்திலும் பாதி உறவுகள் மன்னாரிலுமாக வாழும் எமக்கு அந்தச் சந்திப்பின் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்திய அரசு அவருக்கு 1998இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண், 2010இல் பத்மவிபூஷண் விருதுகளை வழங்கியது. முதிய வயதிலும் உருதுக் கவிதைகளை ஏட்டைப் பாராமல் மனனமாகச் சொல்லிச் சபையைக் கட்டிப்போடுவார். 2014 ஜூலை 10ஆம் திகதி டில்லியில் காலமானபோது வயது 102.

ஸொஹ்ரா தெரிந்தெடுத்த பாதை முழுவதும் எமது வீடுகளுக்கு ஒத்துவரும் என்று சொல்ல வரவில்லை. நடனமும் நடிப்பும் பற்றி எமது பெற்றோருக்குத் தனிக் கருத்து உண்டு, அதை மதிக்கிறோம். ஆனால் மேடை என்பது நடிப்பு மட்டுமல்ல. பிழையின்றி உச்சரிப்பது, மனனம் செய்வது, சபைக்கு அஞ்சாமல் நிற்பது, பிறரோடு இணைந்து வேலை செய்வது ஆகிய யாவும் மேடை தரும் பாடங்கள். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியைக்கும் நோயாளியிடம் பேசும் தாதிக்கும் நீதிமன்றில் வாதிடும் சட்டத்தரணிக்கும் அவை வேண்டும்.

ஓர் உம்மாவின் விருப்பம் மகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்தது. அதற்கப்பால் அவள் தன் காலால் நடந்தாள். இம்முறை உங்கள் மகள் போட்டியில் வென்று சான்றிதழோடு வீடு வந்தால், அதை அலுமாரியில் வைக்குமுன் அவள் மேடையில் பேசியதை ஒருமுறை வீட்டிலும் பேசச் சொல்லிக் கேளுங்கள்.