இரவில் காட்டும் பழைய ராணுவ பைனாகுலர்: வாங்குமுன் அறிய வேண்டியவை

கடலை, மக்காச்சோளம், மரவள்ளி பயிரிட்ட நிலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் ஒரே இரவில் பெரும் சேதம் உண்டாகும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில விவசாயிகளுக்கும் இத்தொல்லை உண்டு. அங்கு பன்றிகளைக் கண்காணிக்க இரவுப் பார்வைக் கருவிகளைப் பயன்படுத்துவோர் உள்ளனர். ராணுவம் கழித்துவிட்ட பழைய கருவிகளும் அந்நாட்டில் விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றால் சிறு விவசாயிக்குப் பயன் உண்டா என்பதை அறிய, கருவி வேலை செய்யும் விதத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை செய்யும் விதம்

இக்கருவி இருட்டில் புதிதாக ஒளியை உண்டாக்குவதில்லை. நிலவும் நட்சத்திரங்களும் தரும் சிறிதளவு ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது. முன்புற லென்ஸ் வழியே வரும் ஒளி ஒரு மெல்லிய பூச்சின் மீது பட்டதும், அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. இவை லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட கண்ணாடித் தட்டின் வழியே பாய்கின்றன. ஒரு விதை பல மணிகளைத் தருவது போல, ஒரு எலக்ட்ரான் துளைக்குள் பலவாகப் பெருகுகிறது. பெருகியவை திரையில் மோதும்போது பச்சை நிறப் படம் தெரிகிறது.

எது எவ்வளவு பழையது?

1945-ல் இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட கருவிகளுக்குத் தனியே அகச்சிவப்பு விளக்கு தேவைப்பட்டது. வியட்நாம் போரில், 1960-களில், நட்சத்திர ஒளியிலேயே இயங்கும் கருவி வந்தது. இதில் நுண்துளைத் தட்டு இல்லை; மூன்று குழாய்களை வரிசையாக வைத்து ஒளியைப் பெருக்கினர். நுண்துளைத் தட்டு கொண்டவை 1970-களில் வந்தன. இவ்வகையில் பெயர் பெற்றது ஏ.என்./பி.வி.எஸ்.-5 என்ற இரட்டைக் குழாய்க் கருவி. 1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கச் சென்ற அமெரிக்க ஹெலிகாப்டர் ஓட்டிகள் இத்தகைய கருவிகளை அணிந்திருந்தனர்.

கவனிக்க வேண்டியவை

1. பைனாகுலர் போலத் தோன்றினாலும், பி.வி.எஸ்.-5 தொலைவில் உள்ளதை அருகில் காட்டாது. உருவம் உள்ள அளவிலேயே தெரியும்.

2. பயன்படுத்தப் பயன்படுத்தக் குழாயின் திறன் குறையும். கடும் வெளிச்சம் பட்டால் திரையில் கரும்புள்ளிகள் நிலைத்துவிடும். குழாய் கெட்டால் மாற்றுவதற்கு ஆகும் செலவு அதிகம்.

3. பி.வி.எஸ்.-5 பாதரச பேட்டரியில் இயங்குமாறு செய்யப்பட்டது. பாதரச ஆக்சைடு பேட்டரிகளின் விற்பனையை அமெரிக்கா 1996-ம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. பழைய கருவிக்கு மாற்று ஏற்பாடு தேவை.

4. இக்கருவிகளை அமெரிக்க அரசின் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றமாகும். இரவுப் பார்வைத் தொழில்நுட்பத்தை விதிமீறி வெளிநாடுகளுக்கு அனுப்பியதாக ஐ.டி.டி. என்ற நிறுவனம் 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 10 கோடி டாலர் தண்டத் தொகையை ஏற்றது. எனவே ரசீதும் அனுமதியும் இன்றி மலிவாக வரும் கருவியை நம்பி வாங்கக் கூடாது.

கிணற்று மேட்டில் கவனம்

கருவியை அணிந்திருக்கும்போது பக்கவாட்டுப் பார்வை குறைகிறது. பள்ளம் மேடும் தூரமும் சரியாகப் புலப்படா. கழற்றியவுடன் கண் இருட்டுக்குப் பழகச் சிறிது நேரம் பிடிக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு உள்ள நிலத்தில் இதை அணிந்து நடப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பரண் மீது அமர்ந்து பார்ப்பதே பாதுகாப்பு.

அடர்ந்த பயிருக்குள் மறைந்து நிற்கும் பன்றியை இக்கருவி காட்டாது. கண்ணில் பட்ட பன்றியையும் விரட்டித் தராது. வேலியும், ஒலியும், அண்டை நிலத்தாருடன் முறைவைத்துக் காக்கும் காவலுமே பயிரைக் காப்பாற்றும். கையில் உள்ள பணத்தை முதலில் இவற்றுக்குச் செலவிடுவதே சிறு விவசாயிகளுக்கு லாபமாகும்.