வாடிய கன்று கற்றுத் தந்த வியாபாரம்

"ஒரு பிடி விதையை வாங்கி மண்ணில் தூவுகிறீர்கள். ஒரு மாதத்தில் ஒவ்வொரு விதையும் முப்பது ரூபாவாகி விடுகிறது. இதை விட நல்ல வியாபாரம் எது?"

எமது கடைக்கு வரும் வியாபார நண்பர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி இது. அவர்களில் இருவர் தாமும் இத்தொழிலில் இறங்கப் போவதாகக் கூறி ஆலோசனை கேட்டனர். அவர்களுக்கு நேரில் கூறியதையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன். இலாபத்தைப் பற்றி மட்டுமல்ல, நான் விட்ட பிழையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

ஹாட்வெயாரிலிருந்து கன்றுகளுக்கு

மாவனெல்லையில் கண்டி வீதியோரம் எனக்கொரு ஹாட்வெயார் கடை இருந்தது. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் கட்டட வேலைகள் யாவும் நின்று போயின. சீமெந்து கேட்டு வருபவர் விலையைக் கேட்டு விட்டுத் திரும்பிச் சென்றனர். அதேவேளை, 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதன் பாதிப்பும், எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்து மரக்கறி விலை எட்டாத உயரத்துக்குச் சென்றிருந்தது. அவ்வருடம் ஜூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கி, வீட்டுத் தோட்டம் செய்யுமாறு அரசாங்கம் கூறியது.

கடை முற்றத்தில் மணல் குவித்து வைத்திருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அதில் பச்சை வலை கட்டி, மிளகாய், தக்காளி, கத்தரிக் கன்றுகளை வரிசையாக வைத்தேன். முதல் கிழமையிலேயே வைத்தவை தீர்ந்தன. வீட்டில் ஒரு சாண் நிலம் உள்ளவரெல்லாம் கன்று தேடி வந்தனர். சிறிய பொலித்தீன் பைகளுக்குப் போதிய மண் கிடைக்காமல், பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சிறிய லொறி நிறைய மண் ஏற்றி வந்தேன். அத்தோட்டத்தில் முன்னர் கத்தரி பயிரிட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனை நல்லதென்றே எண்ணினேன். மரக்கறி விளைந்த மண்ணல்லவா?

டீச்சர் கொண்டு வந்த பை

ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். சிறு வயதில் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். கையிலிருந்த பையைத் திறந்து வேரோடு பிடுங்கிய தக்காளிச் செடியொன்றை மேசை மீது வைத்தார். இலைகள் பச்சை நிறம் மாறாமலேயே தொங்கிப் போயிருந்தன.

"மகன், நான் குறை சொல்ல வரல்ல. பன்னிரண்டு கன்று வாங்கினேன். பூத்து, பிஞ்சு பிடிக்கிற நேரத்தில ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போயிட்டு. நான் என்ன பிழை செஞ்சேன் எண்டு கேக்கத்தான் வந்தேன்."

அவர் செய்த பிழை என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கூடியிருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்து, இரண்டு கன்றுகளை இலவசமாகக் கொடுத்தனுப்பினேன். ஆனால் அதே கிழமையில் இன்னும் நால்வர் அதே முறைப்பாட்டுடன் வந்தனர். அதன் பின்னரே எமது பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் சென்றேன்.

அவர் செடியின் தண்டை அடிப்பகுதியில் வெட்டி, கண்ணாடிக் குவளையிலிருந்த தெளிந்த நீரில் அசைக்காமல் பிடித்தார். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள் நீருக்குள் இறங்கின. "இது பற்றீரியா வாடல். மண்ணிலிருந்து வருவது. பைக்கு மண் எங்கேயிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார்.

நான் பதில் சொன்னதும் அவர் மேலும் விளக்கினார். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியன ஒரே குடும்பத்துப் பயிர்கள். இந்நோய் அவை யாவற்றையும் தாக்கும். சூடும் ஈரமும் உள்ள எமது பிரதேச மண்ணில் இலகுவாகப் பரவும். வாடத் தொடங்கிய செடியைக் காப்பாற்ற மருந்தில்லை. கிருமி மண்ணிலேயே நீண்ட காலம் தங்கிவிடும்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உலுக்கியது. நான் விற்றது கெட்டுப்போன கன்று மட்டுமல்ல. கன்றுடன் சேர்த்து நோயையும் விற்று, நூற்றுக்கணக்கான வீடுகளின் மண்ணில் இறக்கியிருக்கிறேன். காசைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த மண்ணை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பலகையில் எழுதிய வாசகம்

பேசாமல் இருந்திருக்கலாம். எவரும் என்னை நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை. கன்று செத்தால் தம் கைராசி சரியில்லை என்று நினைப்பவர்களே அதிகம். சக வியாபாரி ஒருவர், "சும்மா கிடக்கிறதக் கிளறாதீங்க நானா, கடையின்ட பேர் கெட்டுப் போகும்" என்றார். இரண்டு நாட்கள் நானும் அப்படியே இருந்தேன். டீச்சருக்கு இலவசமாகக் கொடுத்த இரண்டு கன்றுகளும் அதே மண்ணில் வளர்ந்தவை என்ற நினைவு வந்ததும் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் கடை வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் பலகை வைத்தேன். ஜூன், ஜூலை மாதங்களில் இங்கு வாங்கிய தக்காளி, கத்தரி, மிளகாய்க் கன்றுகள் வாடியிருந்தால் தகவல் தாருங்கள், காசு திருப்பித் தரப்படும், அவ்விடத்தில் மீண்டும் அப்பயிர்களை நடவேண்டாம் என்று எழுதியிருந்தேன். டீச்சரின் வீட்டுக்கு நானே சென்று உண்மையைக் கூறினேன்.

நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். அநேகர் காசை வாங்கவில்லை. பதிலுக்கு வேறு பொருள் கேட்டனர். அந்த இடத்தில் போடுவதற்கு வெண்டி, பயற்றை விதைகளைக் கொடுத்தேன். தக்காளிதான் வேண்டுமென்றவர்களுக்குப் பெரிய பைகளில் சுத்தமான கலவை நிரப்பி, நிலத்து மண் தொடாதவாறு கல்லின் மீது வைக்குமாறு கூறினேன். மீதமிருந்த கன்றுகளை மண்ணோடு அழித்தேன். அந்த மாத இலாபம் முழுவதும் அதில் போயிற்று. எனினும், இன்று எனது கடைக்குத் தவறாமல் வருபவர்களில் பெரும்பாலானோர் அன்று பலகையைப் பார்த்து வந்தவர்களே.

கன்று அழுகும் பொருள்

எனது வாப்பா சந்தையில் மரக்கறி விற்றவர். "அழுகும் சாமானுக்குக் காலையில ஒரு விலை, மாலையில ஒரு விலை" என்பார். கன்று உயிருடன் நிற்பதால் அது அழுகும் பொருள் என்பதை நாம் மறந்து விடுகிறோம். தக்காளி நாற்றினை மூன்று, நான்கு வாரங்களிலும், கத்தரி, மிளகாய் நாற்றுகளை நான்கு, ஐந்து வாரங்களிலும் நட வேண்டும். சிறிய பைக்குள் அதற்கு மேல் வைத்திருந்தால் வேர் சுருண்டு, தண்டு முற்றி விடும்.

இங்குதான் வியாபாரியின் நேர்மைக்குச் சோதனை வருகிறது. சிறிய பைக்குள் பூத்து நிற்கும் மிளகாய்க் கன்றையே வாடிக்கையாளர் விரும்பி எடுப்பார். உண்மையில் அது இடமின்றி அவசரமாகப் பூத்த, வயது கடந்த கன்று. பூக்காத, குட்டையான, தடித்த தண்டுள்ள கன்றே நன்றாகக் காய்க்கும். அதனைச் சொல்லி, பூத்ததை ஒதுக்கி வைத்தால் அன்று ஒரு விற்பனை குறையும். மூன்று மாதத்தில் அவர் மிளகாய் பறிக்கும்போது எமது கடை நினைவுக்கு வரும்.

கணக்குப் பார்க்கும் முறையும் இதனாலேயே மாறுகிறது. உதாரணமாக, நூறு விதை போட்டு வளர்க்க 900 ரூபா செலவாகிறது என்று வைத்துக் கொள்வோம். கன்றொன்று ஒன்பது ரூபாவில் முடிந்தது என்று எண்ணுவது பிழை. முளைக்காதவை, நோய் கண்டவை, வயது கடந்தவை கழிந்து அறுபதுதான் விற்பனையாகும் என்றால், ஒன்றின் அடக்கவிலை பதினைந்து ரூபா. இக்கழிவை விலையில் சேர்க்காதவர், பின்னர் கழிவையே விற்கத் தொடங்குவார்.

தினமும் சோறு போடுபவை

மரக்கறி நாற்றுகள் கூட்டத்தைக் கொண்டு வரும். ஆனால் மழை தொடங்கும் காலங்களிலேயே அவை விற்பனையாகும். கடை வாடகையையும் மின்சாரக் கட்டணத்தையும் செலுத்துபவை சமையலறை மூலிகைகளும் இலைவகைகளுமே. ரம்பை, கறிவேப்பிலை, புதினா, வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவற்றுக்கு வருடம் முழுவதும் கேள்வி உண்டு. நோன்பு காலத்துக்கு முந்திய வாரங்களில் கஞ்சிக்காக ரம்பையும் புதினாவும் தனியே விற்பனையாகும்.

இவற்றுக்குப் பெரிய முதலும் தேவையில்லை. ரம்பையின் அடியில் வரும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடலாம். புதினா, பொன்னாங்காணி தண்டுத் துண்டிலிருந்தும், வல்லாரை ஓடும் கொடியிலிருந்தும் வளரும். கறிவேப்பிலை விதையைப் பழம் பறித்த சூட்டோடு போட வேண்டும். உலர்த்தி வைத்தால் முளைக்கும் சக்தியை விரைவில் இழந்து விடும். முதல் வருடம் அது மெதுவாகவே வளரும் என்பதனையும் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். மேலும், இவை ஓரிரு மாதம் விற்கப்படாமல் நின்றாலும் பெரிய பைக்கு மாற்றி, கூடிய விலைக்கு விற்கலாம். தக்காளி நாற்றுக்கு அந்த வசதி கிடையாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நாற்றுக் கலவைக்குத் தோட்ட மண்ணை நம்பாதீர்கள். கழுவிய தும்புத்தூளும் நன்கு உக்கிய கூட்டெருவும் கலந்து குழித் தட்டுகளில் வளர்ப்பதே பாதுகாப்பு. வெளியிலிருந்து வாங்கும் கன்றை ஒரு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். இலைச் சுருளல் இருந்தால் மற்றவற்றுடன் சேர்க்காதீர்கள். விற்பதற்கு முந்திய வாரம் நீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்கி விடுங்கள். நிழலில் வளர்ந்த கன்று வாடிக்கையாளரின் முற்றத்தில் முதல் நாளே துவண்டு விடும்.

வெண்டி, பயற்றை, போஞ்சி ஆகியவற்றைக் கன்றாக விற்பதை நான் நிறுத்தி விட்டேன். அவற்றை நேரடியாக விதைப்பதே சிறந்தது. கன்றாக விற்றால் கூடுதல் காசு கிடைக்கும் என்பது உண்மை. தெரியாத விடயங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையுடன் பேசுங்கள். ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். நான் டீச்சரிடம் அன்று சொன்ன பதில் அப்படிப்பட்டதே.

கடந்த பெரும்போகத்திலும் டீச்சர் வந்தார். இம்முறை கையிலிருந்த பையில் வெண்டிக்காய் இருந்தது. "பிள்ளைகளுக்குக் குடுங்க" என்று மேசை மீது வைத்து விட்டு, ஆறு கத்தரிக் கன்றுகளைத் தெரிவு செய்தார். அதில் பூத்த கன்று ஒன்றும் இருக்கவில்லை.