சுருளற்ற படக்காட்சி

சிற்றூர்க் கொட்டகைத் திரையில் ஓயாது பெய்த 'மழை'யை எருத்தேன்பதி வட்டாரத்து முதியோர் அறிவர். அது தேய்ந்த படச்சுருளின் கீறலேயாம். 1,000 அடிச் சுருள் சுமார் 11 நிமிடமே ஓடும். முழுப்படத்திற்குச் சுமார் 15 சுருள் வேண்டும். படியெடுக்கும் செலவு மிகுதியாதலின், நகரங்களில் ஓடித் தேய்ந்த படியே ஈற்றில் சிற்றூரை அடைந்தது.

இன்று படம் பூட்டிய எண்கோப்பாக, வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியோ வருகிறது. உரிமம் பெற்ற நாள்களில் மட்டும் மின்திறவுகோல் அதனைத் திறக்கும். ஆயிரமாவது படியும் முதற்படியை ஒத்ததே. நகரும் சிற்றூரும் ஒரே நாளில் காண இயலும்.

எனினும் படிச்செலவு ஒழிந்த இடத்தில், திரையிடும் கருவி அளித்த நிறுவனங்களின் கட்டணம் வந்தமர்ந்தது. கருவியின் விலையைத் தவணையாக ஈடுசெய்யவே அது விதிக்கப்பட்டது. ஈடான பின்னும் நீடித்தது என்பது தயாரிப்பாளர் முறையீடு. இதன்பொருட்டே 2018 மார்ச் 1 முதல் சுமார் 7 வாரம் தமிழ்ப் புதுப்படங்கள் வெளிவரவில்லை.